முழுப் பாதையா, ஃபைண்டா, ஜி.ஃபைண்ட்ஃபைலா?

கல்லணையில் தொடங்கி கோடியக்கரை வரை டெல்டா முழுவதற்கும் தரை உயரப் படம் ஒன்று வேண்டுமென்றால், எஸ்ஆர்டிஎம் (விண்ணிலிருந்து ராடார் மூலம் அளந்த தரை உயரத் தரவு) தரவில் மூன்று துண்டுகள் தேவை. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகை எல்லாம் என்10ஈ079 (வடக்கு 10, கிழக்கு 79 பாகையில் தொடங்கும் ஒரு பாகைக் கட்டம்) என்ற ஒரே கோப்பில் அடங்கிவிடும். மயிலாடுதுறையும் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடமும் 11-ஆவது அட்சக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் என்11ஈ079. கல்லணை மட்டும் 79-ஆவது தீர்க்கக்கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே இருப்பதால் என்10ஈ078. மூன்றே கோப்புகள்தான். ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) அவற்றை ஒழுங்காகக் கண்டுபிடிக்க வைப்பதற்குள் எனக்கு இரண்டு குறுவை போய்விட்டது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஹோம் ஃபோல்டரில் தொடங்கி கோப்பின் பெயர் வரை முழுப் பாதையையும் ஸ்கிரிப்டிலேயே எழுதி வைத்தேன். என் மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லை. மன்னார்குடியில் இருக்கும் தம்பி ஒருவருக்கு அனுப்பியதும் போன் வந்துவிட்டது: "அண்ணே, ஃபைலே இல்லைங்குது." அவர் கணினியில் என் பெயரில் ஹோம் ஃபோல்டர் எப்படி இருக்கும்? ஆனாலும் இந்த முறையை முழுக்கக் கேவலமாகப் பேச மாட்டேன். ஒரே கணினியில், ராத்திரி கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கி வைக்கும் லினக்ஸ் கருவி) மூலம் தானாக ஓடும் வேலை என்றால், இதைவிட நம்பகமானது வேறில்லை.

அடுத்தது சார்புப் பாதை. வாய்க்கால் தலைப்பில் நின்றுகொண்டு "வலது கரையில் மூன்றாவது மதகு" என்று வழி சொல்வது போன்றது இது. கேட்பவர் கடைமடையில் நின்றால் வேறெங்கோ போய்ச் சேருவார். ஸ்கிரிப்டை எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுகிறோமோ அங்கிருந்துதான் பாதை அளக்கப்படும். இதற்குப் பரிகாரம், ஸ்கிரிப்ட் கோப்பு இருக்கும் இடத்தையே தலைப்பாக வைத்துக்கொள்வது. ஸ்கிரிப்டின் பெயரைத் தரும் டாலர் ஜீரோவை, பாதையில் ஃபோல்டர் பகுதியை மட்டும் பிரித்துத் தரும் டர்நேமுக்குக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் அந்த ஸ்கிரிப்டை இன்னொன்றுக்குள் சோர்ஸ் செய்தால் (அதன் ஒரு பகுதி போல உள்ளே இழுத்து ஓட்டினால்) டாலர் ஜீரோ தாய் ஸ்கிரிப்டின் பெயரைத்தான் சொல்லும். அப்போது பாஷ்_சோர்ஸ் என்ற மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) வேண்டும். பாஷ், டாஷ் இரண்டும் ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்கள்; அது பாஷில் உண்டு, டாஷில் கிடையாது. உபுண்டுவில் எஸ்ஹெச் என்றால் டாஷ்தான். ஆக முதல் வரியில் பாஷ் என்று எழுத மறக்காதீர்கள்.

கோப்புகளைப் பெயர் சொல்லித் தேடும் ஃபைண்ட் கட்டளைதான் என்னை நன்றாக ஏமாற்றியது. "எங்கே இருந்தாலும் அதுவே தேடிக்கொள்ளட்டும், முதலில் கிடைப்பதை எடு" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். எஸ்ஆர்டிஎம் தரவு சுமார் 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற துல்லியத்திலும் உண்டு, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற துல்லியத்திலும் உண்டு. இரண்டிலும் கோப்பின் பெயர் ஒன்றேதான்! என் வட்டில் 'பழசு' என்ற ஃபோல்டரில் 90 மீட்டர் கோப்பு கிடந்தது. ஃபைண்ட் எந்த வரிசையில் கோப்புகளைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. அது பழசை எடுத்துக்கொண்டது. மலைப் பகுதியாக இருந்தால் படத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும். நம் டெல்டாதான் தாம்பாளம் மாதிரி தட்டையாயிற்றே, எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கடைசியில் கோப்பின் அளவுதான் காட்டிக்கொடுத்தது: பழசு 3 எம்பிகூட இல்லை, புதிது கிட்டத்தட்ட 26 எம்பி.

அது போக, லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் உண்டு. இணைப்புக் குறிகள் (வேறு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழிகள்) வழியாக ஃபைண்ட் தானாக உள்ளே நுழையாது. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்து, மாறியை மேற்கோள் குறிக்குள் போடவில்லை என்றால், ஒரு பாதை இரண்டாக உடையும். கோப்பை எங்கே வைத்தோம் என்று மறந்தவர் கையால் ஒருமுறை தேட ஃபைண்ட் அருமையான கருவி. தினமும் ஓடும் ஸ்கிரிப்டுக்குள் அதற்கு வேலையில்லை.

சூழல் மாறி (ஸ்கிரிப்டுக்கு வெளியே, கணினியில் அமைத்து வைக்கும் மாறி) வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கு ஆள் தரவு இருக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம், சௌகரியம். மாறி காலியாக இருந்தால் பாதை நேராக ரூட் ஃபோல்டரில் (எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது) தொடங்கும் என்பது மட்டும் ஆபத்து. அதன் பிறகு அழிக்கும் கட்டளை ஏதாவது இருந்தால் கதை கந்தல். காலியாக இருந்தால் அங்கேயே நிற்கும்படி எழுதிவிட வேண்டும். இத்தகைய மாறிகளைப் பலரும் எழுதி வைக்கும் பாஷ்ஆர்சி கோப்பை கிரான் படிக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கிராஸ் என்ற வரைபட மென்பொருளுக்குள் வந்துவிட்டால் ஆட்டமே வேறு. அங்கே கேட்க வேண்டியது கோப்பின் பாதையை இல்லை, படத்தின் பெயரை. அதன் ஜி.ஃபைண்ட்ஃபைல் கட்டளை வழக்கமாக முதலில் நடப்பு மேப்செட்டில் (படங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) தேடும், பிறகு தேடல் பட்டியலில் உள்ள மற்ற மேப்செட்டுகளில் தேடும். கிடைத்தால் பெயர், மேப்செட், முழுப்பெயர், கோப்புப் பாதை என நான்கு மாறிகளைத் தரும். கிடைக்காவிட்டால் வெளியேறும் குறியீடு 1, ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்திவிடலாம். ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தாலும் எது முந்தும் என்பது முன்கூட்டியே தெரியும். ஃபைண்டிடம் இல்லாத ஒழுக்கம் இது.

இங்கேயும் ஒரு குழியில் விழுந்தேன். அது கொடுத்த கோப்புப் பாதையை வைத்துச் சரிவுப் படம் ஒன்றை அப்படியே நகலெடுத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது பூஜ்ய பைட். தசம எண் படங்களுக்கு செல் ஃபோல்டரில் இருப்பது வெறும் கூடு. உண்மையான மதிப்புகள் எஃப்செல்லில், தலைப்பு விவரம் செல்ஹெச்டியில் என்று ஒரே படம் பல இடங்களில் பிரிந்து கிடக்கும். வெளியே எடுக்க ஆர்.அவுட்.ஜிடால் போன்ற ஏற்றுமதிக் கட்டளை வேண்டும். ஆகவே ஜி.ஃபைண்ட்ஃபைல் தரும் நான்கில் முழுப்பெயரை மட்டும் பயன்படுத்துகிறேன், பாதையைத் தொடுவதில்லை.

இப்போது என் ஸ்கிரிப்டுகளில் சூழல் மாறி இருந்தால் அது, இல்லாவிட்டால் ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் உள்ள தரவு ஃபோல்டர். கிராஸுக்குள் போன பிறகு ஜி.ஃபைண்ட்ஃபைல். மன்னார்குடித் தம்பியிடமும் அதுதான் ஓடுகிறது. அவர் இன்னமும் ஃபோல்டர் பெயரில் இடைவெளி விடுகிறார். சரி, மேற்கோள் குறி போட்டு வைத்திருக்கிறேன்.