கையில் காசிருந்தும் ஸ்கேன் பண்ண முடியாத ஊர்

கும்பகோணத்தில் இளநீர் வண்டியில் தொடங்கி கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடம் வரைக்கும் கியூஆர் அட்டை தொங்குகிறது. காசு விழுந்ததும் சவுண்ட் பாக்ஸ் தமிழிலேயே தொகையைச் சொல்கிறது. ஜெர்மனியில் நான் போகிற பேக்கரியில் இன்னமும் சில்லறையைத்தான் எண்ணிக் கொடுக்கிறேன், அதனால் இதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருக்கிறது, பணமும் இருக்கிறது, ஆனால் அதில் பதிந்திருப்பது ஜெர்மனி செல்போன் எண். வெளிநாட்டு எண்ணோடு யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் அனுமதித்தபோது சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் என்று 10 நாடுகளைச் சேர்த்தார்கள், அதில் ஜெர்மனி இல்லை. சரி, உள்ளூர் எண்ணுக்கு மாற்றிவிடலாம் என்று வங்கிக்குப் போனால், "ஆதார்ல இருக்கிற நம்பருக்கு ஓடிபி வரும், சொல்லுங்க சார்" என்கிறார்கள். ஆதாரில் இருப்பது என் பழைய இந்திய எண், அதைக் கூப்பிட்டால் இப்போது யாரோ ஒரு அம்மா எடுக்கிறார்! ரயிலுக்கும் இதே கதைதான், 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் ஓடிபி வேண்டும். மோசடியைத் தடுக்கத்தான் இதெல்லாம், புரிகிறது. ஆனால் ஆள் நேரில், பாஸ்போர்ட்டோடு நிற்கும்போதும் ஒரு சிம் கார்டைத்தான் நம்புவோம் என்றால் எப்படி?

கடைக்காரர்கள் பக்கம் வேறு பயம். மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டை நீட்டியதும் முகம் மலர்ந்தார். யுபிஐக்கு 2020 முதல் வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை, சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை மட்டும் போகிறது. அது அவருக்குப் பெரிய விஷயமில்லை. "பெங்களூர்ல சின்னக் கடைக்கெல்லாம் ஜிபே கணக்கைப் பார்த்து ஜிஎஸ்டி நோட்டீஸ் விட்டாங்களே தம்பி" என்றார். 2025 ஜூலையில் நடந்தது அது, அங்கே பல கடைகள் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதியே ஒட்டின. பொருள் விற்பவருக்கு வரம்பு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய், தாண்டினால் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எவனோ ஒரு மோசடிக்காரன் வந்து அரிசி வாங்கி ஸ்கேன் பண்ணிவிட்டுப் போனால், சைபர் கிரைம் புகாரில் கடைக்காரர் கணக்கும் சேர்ந்து முடங்குகிறதாம். முடக்குவது ஒரு நிமிட வேலை, விடுவிக்க எந்த ஊர் போலீசிடம் போவது?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரப்போகிறவர்கள் பழைய இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். உங்கள் நாட்டு எண்ணுக்கு யுபிஐ உண்டா என்று கிளம்பும் முன்பே வங்கியில் கேளுங்கள். அப்புறம் நூறு ரூபாய்த் தாளாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள், ஏடிஎம் ஐந்நூறாகத் தள்ளுகிறது, ஊரே ஸ்கேன் பண்ணுவதால் ஆட்டோக்காரரிடம் மீதி கொடுக்கச் சில்லறை இருப்பதில்லை.