எண்ணூர் சாலைக்குக் கோன் செட்: பால் ரேசா, டேப்பர் ரோலரா?

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் தினமும் ஓடும் டூரிங் பைக்கில் கோன் செட்டுக்கு (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் பேரிங்குகள்) ஆயுள் குறைவுதான். கன்டெய்னர் லாரி உடைத்துப் போட்ட ரோடு, போதாததற்கு உப்புக் காற்று. ஹேண்டில் நேராக இருக்கும்போதே பெரும்பாலான அடி விழுவதால், பேரிங் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்து, அவை உருளும் வளையமான ரேஸில் வரிசையாகக் குழி விழும். பாரமும் சக்கரம் தெறிக்கும் தண்ணீரும் கீழே என்பதால் அடி கோன்தான் முதலில் போகும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சைலன்சர் பைப்பில் படாமல் இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். இரண்டு ஃபோர்க்கையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். கூட ஒருவர் டி-ஸ்டெமும் (ஃபோர்க்குகளைப் பிடித்துக் கழுத்துக்குள் போகும் தண்டு) சேஸிஸும் சேரும் இடுக்கில் விரல் வைத்திருக்கட்டும். விரலில் 'டொக்' தெரிந்தால் கோன் லூஸ். அங்கே அசைவில்லாமல் ஃபோர்க் குழாய் மட்டும் ஆடினால் ஃபோர்க் புஷ் தேய்ந்திருக்கிறது.

அடுத்து, ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் இறங்கியதுபோல் நின்றால் குழி விழுந்தாயிற்று. இதை இறுக்கித் தருகிறேன் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் நம்பாதீர்கள். இறுக்கினால் மெதுவாகப் போகும்போது வண்டி அலையும், அவ்வளவுதான். செட்டாக மாற்றுவது ஒன்றே வழி.

வெறும் லூஸ் என்றால், ஸ்டெம் மேல் நட்டையும் மேல் பிரிட்ஜில் (ஃபோர்க்குகளின் தலையைச் சேர்க்கும் தட்டு) ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் தளர்த்தி, கீழே இருக்கும் ரிங் நட்டை சி-ஸ்பேனரால் (நட்டின் காடியில் கொக்கிபோல் மாட்டும் வளைந்த ஸ்பேனர்) எட்டில் ஒரு சுற்றாக இறுக்குங்கள். உளி, சுத்தியல் வேண்டாம், காடி சிதைந்துவிடும். ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஆட்டம் நின்ற இடத்தோடு நிறுத்துங்கள். மேல் நட்டை முறுக்கும்போது கோன் இன்னும் கொஞ்சம் இறுகும், ஆகவே கடைசியில் மறுபடி சோதனை. நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் ஹேண்டில் தானாகச் சாய வேண்டும். கிளட்ச் கேபிள் இழுத்துப் பிடித்தும் ஏமாற்றும், பாருங்கள்.

இந்த ரோட்டுக்கு நம்ம ஓட்டு, குண்டுக்குப் பதில் சாய்வான உருளைகள் உள்ள டேப்பர் ரோலருக்குத்தான். குண்டு போட்ட பால் ரேஸில் பாரம் புள்ளியில் விழும். டேப்பர் ரோலரில் கோடாகப் பரவுவதால் குழி அவ்வளவு சீக்கிரம் விழாது. விலை கூடுதல், சேஸிஸ் கழுத்தில் இறுகியிருக்கும் பழைய கப்பை (வெளி வளையம்) தட்டி எடுக்கும் வேலையும் உண்டு. ரோலர்களுக்கு நடுவில் லித்தியம் கிரீஸைத் திணித்து நிரப்புங்கள், மேலே பூசினால் போதாது. புது கப் முழுதாகப் படிந்த பிறகு கொஞ்சம் தளரும். 500 கிலோமீட்டரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை ஸ்டெம் பக்கம் நீட்டவே விடாதீர்கள்.