11 வருடம், 1,53,000 கிலோமீட்டர்: என் பழைய ஃபோர் வீல் வண்டியோடு

வாங்கிய அன்று ஓடோமீட்டர் 1,87,000 காட்டியது. போன வாரம் டீசல் போடும்போது பார்த்தேன், 3,40,000-ஐத் தொட்டிருக்கிறது. இடையில் 11 வருடம். "இன்னுமா இதை வச்சிருக்கீங்க, தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுங்க" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் காலையில் சாவியைத் திருப்பி, இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து, அந்த டீசல் இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி ஸ்டார்ட் ஆகி நிதானத்துக்கு வருவதைக் கேட்டால் எனக்கு வேறு வண்டி எண்ணமே வருவதில்லை. அது ஏன், அதற்காக நான் பார்க்கிற வேலை என்ன என்பதை எழுதுகிறேன்.

வண்டி 1990-களில் செய்தது. கம்பெனி, மாடல் பெயர் வேண்டாம், ஏனென்றால் சொல்லப்போவது ஒரு மாடலோடு நிற்கிற விஷயம் இல்லை. ஏணி மாதிரி சேஸிஸ், அதன் மேல் தனியாக உட்கார்ந்த பாடி, முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே இரும்புத் தண்டு), மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பலத்தை அனுப்பக் கையால் போடுகிற ஃபோர் வீல் லீவர், இவ்வளவும் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வாங்கும்போது என் மகளுக்கு 6 வயது, கதவோரக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் உள்ளே ஏறுவாள். இப்போது 17.

முதலில் ஓட்டும் அனுபவம். பிக்கப் கிடையாது, எதிர்பார்க்கவும் கூடாது. 80-இல் போனால் வண்டியும் சந்தோஷம் நானும் சந்தோஷம், 100-க்கு மேல் இன்ஜின் சத்தம் பேச்சை அமுக்கிவிடும். மைலேஜ் லிட்டருக்கு 9 கிலோமீட்டர், ஏற்றத்தில் சுமையோடு போனால் 7. திருப்புவதற்கு இடம் நிறைய வேண்டும். ஸ்டீயரிங்கில் நடுவில் கொஞ்சம் ஆட்டம் எப்போதும் இருக்கும், முழு ஆக்சில் வண்டிகளில் அது ஓரளவு இயல்பு, ஆனால் திடீரென்று கூடினால் சக்கரங்களைத் திருப்புகிற கம்பியின் மூட்டு (டை ராட் முனை), ஸ்டீயரிங் பாக்ஸ் இரண்டையும் உடனே பார்க்க வேண்டும். இருக்கை உயரம், எதிரே நீளமான பானெட், சதுரமான கண்ணாடி, பானெட்டின் இரண்டு முன் மூலையும் தெரியும். குறுகலான வழியில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஃபோர் வீல் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், புதிதாக வாங்குகிறவர்கள் பலர் இதில்தான் வண்டியைக் கெடுக்கிறார்கள். என் வண்டியில் நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் அமைப்பு, இல்லை. லீவரைப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, முறுக்கு எல்லாம் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறி நிற்கும். லீவர் திரும்ப வராமல் இறுகிக்கொள்வது அதனால்தான். பலம் போட்டு இழுக்காதீர்கள். நேராக நான்கைந்து அடி பின்னால் வந்தால் முறுக்கு இறங்கும், லீவர் தானாகக் கழலும். இன்னொன்று, மாதம் ஒரு தடவையாவது மண் பாதையில் போட்டு ஓட்டுங்கள். வருடக்கணக்கில் போடாமலே விட்ட லீவர் தேவைப்படும் அன்றைக்கு அசையாது.

சரி, வேலைக்கு வருவோம். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த வேலை முன் சக்கரத்தின் உருண்டையைத் திறப்பது. முன் ஆக்சிலின் இரண்டு முனையிலும் பளபளப்பான இரும்புப் பந்து ஒன்று தெரியும், சக்கரம் அதைச் சுற்றித்தான் திரும்புகிறது, உள்ளே கிரீஸில் மூழ்கிய ஜாயின்ட் இருக்கிறது. வாங்கிய ஆறாவது மாதம் இடது பந்தின் மேல் கறுப்பாக, தேன் பதத்தில் ஏதோ வழிய ஆரம்பித்தது. தொட்டுப் பார்த்தால் கிரீஸும் இல்லை ஆயிலும் இல்லை, இரண்டும் கலந்தது. ஆக்சில் குழாயின் உள் சீல் தேய்ந்து டிஃபரன்ஷியல் ஆயில் உருண்டைக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தம்பி, இதை நான் செஞ்சு குடுத்தா ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப வருவே. பக்கத்துல உக்காரு, சொல்லித் தர்றேன்" என்றார். அன்று காலை 8 மணிக்கு உட்கார்ந்தோம், மாலை 5 ஆகிவிட்டது. சக்கரம், பிரேக், ஹப் (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்), பேரிங், அது உட்காரும் ஸ்பிண்டில், அப்புறம் ஷாஃப்ட், ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே விரித்த துணியில் கழற்றிய வரிசையிலேயே வைக்கச் சொன்னார். மேலும் கீழும் இருக்கிற சின்னத் தகடுகளை மட்டும் தனித்தனிப் பையில் போட்டு "மேல்", "கீழ்" என்று எழுதச் சொன்னார், அது மாறினால் அளவே மாறிவிடும் என்று. ஜாயின்டை மண்ணெண்ணெயில் கழுவிக் கையில் எடுத்துக் கொடுத்தபோது அதன் எடையும், ஆறு குண்டுகளும் தங்கள் பள்ளத்தில் உருளும் அந்த வழவழப்பும் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. பிறகு கிரீஸை விரலால் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தில் பிதுங்கி வரும்வரை. வலது பக்கத்தை அடுத்த வாரம் நான் தனியாகச் செய்தேன், அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு இடத்தில்தான் வாய் திறந்தார்.

எதற்கு இவ்வளவு விவரம் என்றால், அன்றைக்குப் பிறகு வண்டியின் மேல் எனக்கு இருந்த பயம் போய்விட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சத்தம் வந்தால் பதற்றம் வராது, எங்கே பார்க்கலாம் என்ற யோசனை வரும்.

எல்லா இடத்திலும் இப்படிப்பட்டவர் கிடைக்கமாட்டார். ஒரு தடவை அவசரத்துக்கு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பின் பிரேக் வேலையோடு முன் பேரிங்கையும் பார்க்கச் சொன்னேன். அளவு பார்க்காமல் நட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கி அனுப்பிவிட்டார்கள். 40 கிலோமீட்டர் போவதற்குள் சக்கரத்தின் நடுவில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. கூம்பு வடிவ பேரிங்கை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்தி, கையேட்டில் சொன்ன இழுவிசையைச் சின்னத் தராசு வைத்துச் சரிபார்த்துத்தான் பூட்ட வேண்டும். இரண்டு பேரிங்கும் நீலம் பாய்ந்து போயின, அதோடு ஒரு நாள் முழுவதும் போனது. யார் தொட்டாலும் வேலை முடிந்து 10 கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, நான்கு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கம். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் ஏதோ தப்பு.

இரும்பைவிட ரப்பர்தான் முதலில் சாகிறது. புஷ், ஹோஸ், இன்ஜின் மவுண்ட், சீல், இவற்றை வயதைப் பார்த்து மாற்ற வேண்டும், கிலோமீட்டரைப் பார்த்து இல்லை. முன் வலது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது, பிரேக் கட்டைகளை அழுத்துகிற கேலிபர்தான் என்று நினைத்துப் பிரித்துப் போட்டால் அதில் ஒரு குறையும் இல்லை. காரணம் ரப்பர் பிரேக் ஹோஸ். வெளியே புதுசு மாதிரி இருந்தது, உள்சுவர் வீங்கி அடைத்துக்கொண்டது. மிதிக்கிற அழுத்தத்தில் ஆயில் உள்ளே போகிறது, விட்டால் திரும்ப வழியில்லை. ஒன்று போனபோது எல்லாவற்றையும் மாற்றினேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், முன் உரிமையாளர் மாற்றினேன் என்று சொன்னாலும் ரசீது இல்லாவிட்டால் வாங்கிய வாரமே மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் டீசல் இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் மோதும், இன்ஜினே போய்விடும்.

மின்சாரத்தில் ஒரே ஒரு சம்பவம். செல்ஃப் மெதுவாகச் சுற்றியது. பேட்டரி புதுசு. ஸ்டார்ட்டரை மாற்றச் சொன்னார்கள். நான் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துவிட்டு மகளைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 2 வோல்ட் காட்டியது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டை பச்சையாகப் பூத்து அரித்துப் போயிருந்தது. பட்டையை மாற்றி, உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், அவ்வளவுதான். பழைய வண்டியில் பாகத்தை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓடையைக் கடந்து வந்த ஒரு மாதம் கழித்துப் பின் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினால் பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தது. சீல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், ஆக்சிலுக்குக் காற்று போய்வர வைத்த மூச்சுக்குழாயின் வாய் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து இழுக்கும். என் வண்டியில் அந்தக் குழாய் வெடித்துப்போய் ஆக்சில் மட்டத்திலேயே தொங்கியது. நீளமான குழாய் போட்டுப் பாடிக்குள் உயரத்தில் கொண்டுபோய் வைத்தேன். அரை மணி நேர வேலை, டிஃபரன்ஷியலின் முக்கியப் பல்சக்கரங்களை (கிரவுன் செட்) காப்பாற்றுகிற வேலை.

உண்மையான எதிரி துரு. இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், சேஸிஸ் போனால் வண்டி போச்சு. பெட்டி மாதிரியான சேஸிஸ் சட்டத்துக்குள் சேறு போய்த் தங்கும், வடிவதற்கு வைத்த ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும், ஈரம் உள்ளேயே ஊறி இரும்பைத் தின்னும். வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து விற்பார்கள், ஏமாற வேண்டாம். சின்னச் சுத்தியல் எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, பின் சக்கரத்துக்கு மேலே வளையும் இடம், ஸ்பிரிங் மாட்டும் இடம், பாடி மவுண்ட் ஓரம் என்று தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று பேசும், அரித்தது டொப் என்று அமுங்கும். நான் ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் கம்பி விட்டு ஓட்டைகளைத் திறந்து, உள்ளே தண்ணீர் பீய்ச்சி, நன்றாகக் காயவிட்டு, வருடம் ஒரு தடவை மெழுகு அடிக்கிறேன். 11 வருடத்தில் இரண்டே இரண்டு இடத்தில்தான் வெல்டிங் போட்டிருக்கிறேன், அதில் எனக்குப் பெருமை உண்டு.

பாதுகாப்பு விஷயத்தில் மழுப்பக் கூடாது. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, உயரமான வண்டி என்பதால் வேகத்தில் சட்டென்று ஒடித்தால் கவிழும் ஆபத்து இன்றைய வண்டிகளைவிட அதிகம். இரும்பு கனம் என்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புவது தவறு, நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற மாதிரி இந்த வண்டிகளைச் செய்யவில்லை. அதனால் முன்னால் போகிற வண்டிக்கு இரட்டிப்பு இடைவெளி விடுகிறேன், பின் இருக்கைகளுக்கும் முழு பெல்ட் போட்டேன். டயர் தேயாமல் இருந்தாலும் வயதைப் பார்க்கிறேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம்.

பாகங்கள் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை வண்டி இன்னும் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது. டொயோட்டாவின் லேண்ட் க்ரூஸர் 70 சீரிஸ் 1984-இல் வந்தது, இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். லேண்ட் ரோவரின் பழைய டிஃபெண்டரை 2016 ஜனவரியில் நிறுத்தினார்கள், ஆனால் அதற்கான பாகங்களை வெளியே செய்கிறவர்கள் நிறைய. லேண்ட் க்ரூஸரின் பழைய 40 சீரிஸ் வைத்திருப்பவர்களின் பிடிவாதத்துக்குப் பலன் மாதிரி, நின்றுபோன பாகங்களை மறுபடி செய்யப்போவதாக 2021-இல் டொயோட்டாவே அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, என்னிடம் அந்த வண்டி இல்லாவிட்டாலும், மனசு நிறைந்தது. நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் கையேட்டையும் பாக எண் பட்டியலையும் தேடி வைத்துக்கொள்வது. பெயர் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள், எண் சொல்லிக் கேட்டால் அதே பேரிங் வேறு வண்டிக்கும் வருகிறது என்று தெரியவரும்.

தினமும் ஓட்டுவதற்கு ஒரே வண்டிதான், அது நின்றால் வேலைக்குப் போக முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறைக் கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

போன ஞாயிறு திரும்பி வரும்போது மகள் பாட்டை நிறுத்தச் சொன்னாள். "அப்பா, மெதுவா போகும்போது மட்டும் கிரீச் கிரீச்சுன்னு கேக்குது. கொஞ்சம் வேகம் கூடினா கிரீச்சும் அடுத்தடுத்து வருது. சக்கரம் இல்ல, நடுவுல இருந்து வருது." எனக்குக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து இருவரும் அடியில் படுத்தோம். பின் ஷாஃப்டின் முன் முனை, ஷாஃப்ட் வளைந்து சுற்ற உதவும் கூட்டல் குறி வடிவ மூட்டு (யூஜே கிராஸ்) ஓரத்தில் செம்பழுப்பாகப் பொடி கட்டியிருந்தது. கிரீஸ் கன்னை அவளிடமே கொடுத்தேன். அதன் நான்கு முனைகளில் மூன்று கப்பிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வந்தது, நான்காவதில் வரவில்லை. "அதுதான்" என்றாள், நான் சொல்வதற்கு முன்னாலேயே. பாக எண்ணைப் பட்டியலில் தேடிக் கொடுத்திருக்கிறாள், புது கிராஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் அடையாளக் கோடு போட வேண்டும், கோடு மாறி மாட்டினால் ஆட்டம் வரும் என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.