எய்ம் அசிஸ்டுடன் எட்டு ஆண்டுகள்

கன்ட்ரோலரில் வீடியோ கேம் ஆடுபவருக்குக் குறிபார்க்க ஆட்டமே கொடுக்கும் உதவிதான் எய்ம் அசிஸ்ட். சென்ற மழைக்காலத்தில் இரண்டு வாரம் அதை அணைத்துவிட்டு விளையாடிப் பார்த்தேன். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கன்ட்ரோலருக்கான நுணுக்க அமைப்புகளைத் திறந்தால் உள்ளே 'டார்கெட் காம்பன்சேஷன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டுப் பயிற்சிக் களத்துக்குப் போனேன். கூப்பிடு தூரத்தில் ஒரு பொம்மை இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. சுட ஆரம்பித்தேன். திரை நடுவிலிருக்கும் குறி, அதாவது கிராஸ்ஹேர், அதன் மார்பைத் தாண்டிப் போனது. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்கைத் திருப்பி இழுத்தேன். அந்தப் பக்கமும் தாண்டியது. மூன்றாவது முறை சரியாக வந்தபோது தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. சுவிட்சை மறுபடி போட்டேன். அதே துப்பாக்கி, அதே கட்டைவிரல். இம்முறை மார்புக்கு அருகில் வந்ததும் கிராஸ்ஹேர் ஈர மண்ணில் கால் வைத்ததுபோல மெதுவானது. பொம்மை வலப்பக்கம் திரும்பியபோது குறியும் அதனுடன் கொஞ்ச தூரம் நகர்ந்தது. அந்தக் கொஞ்ச தூரத்தை நான் நகர்த்தவில்லை.

2017இல் டிவியோடு இணைத்து ஆடும் பழைய பிஎஸ்4 கன்சோல் ஒன்றை வாங்கி டைட்டன்ஃபால் 2 விளையாடத் தொடங்கியதிலிருந்து இந்த உதவி என் கூடவே இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஏபெக்ஸ் வந்தது. 2021 இறுதியில் கணினிக்கு மாறினேன், ஆனால் கன்ட்ரோலரை விடவில்லை. இத்தனை ஆண்டுகளில் எய்ம் அசிஸ்டைப் பற்றி நான் கேட்ட வசவுகளும் புகழ்ச்சிகளும் அதை ஒரே பொருளாகத்தான் பார்க்கின்றன. அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் நியாயம் பேச முடியாது.

முதலில் கையைப் பார்க்க வேண்டும். மவுஸை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவு கோணம் பார்வை திரும்பும். நகர்த்துவதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். ஸ்டிக் அப்படியல்ல. அதை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகத்தில் பார்வை திரும்பிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் சரியான நொடியில் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மவுஸ்காரருக்கு மணிக்கட்டும் முழங்கையும் துணை. நமக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அசைவும் ஒரு கட்டைவிரலும் மட்டுமே. ஆகவே கன்ட்ரோலரில் துப்பாக்கி ஆட்டம் வேண்டுமென்றால் ஏதோ ஒரு கைத்தாங்கல் வேண்டும். 1997இல் வந்த கோல்டன்ஐ 007 தானே குறி பார்த்துக் கொடுத்தது. 2001இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த முதல் ஹேலோ அதை மிக நயமாகச் செய்தது: எதிரியின்மேல் வந்ததும் குறியை மெதுவாக்குவது, எதிரி நகர்ந்தால் குறியையும் சற்று இழுத்துப்போவது, விளிம்பில் போகும் தோட்டாவை உடலை நோக்கி வளைப்பது. இன்றைய கன்சோல் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையே வெவ்வேறு அளவில் கலந்து தருகின்றன.

மெதுவாக்கும் உதவியில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. குறியை எதிரியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலையாகவே இருக்கிறது. சேர்ந்த பிறகு வழுக்கிவிடாமல் அது பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் அதை ரொட்டேஷனல் எய்ம் அசிஸ்ட் என்கிறார்கள். எதிரி சட்டென்று திசை மாற்றினால் மனிதக் கண் அதைக் கண்டு, மூளை உணர்ந்து, விரல் அசைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். நிரலுக்கு அந்தத் தாமதம் கிடையாது. ஐந்தடி தூரத்தில் ஒருவரையொருவர் சுற்றிச்சுற்றிச் சுடும்போது அந்த ஐந்தில் ஒரு நொடிதான் உயிர். அதை எனக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு எதிரில் மவுஸோடு நிற்பவரிடம் 'சமமாக மோதுங்கள்' என்று சொல்வது சரியில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவன் என் சித்தி மகன். அவன் மவுஸ்காரன். ஒருநாள் இருவரும் பயிற்சிக் களத்தில் நேருக்கு நேர் பத்துச் சுற்று மோதினோம். தூரத்தில் நின்று மோதிய ஐந்தில் நான்கை அவன் எடுத்தான். அருகில் மோதிய ஐந்தையும் நான் எடுத்தேன். கடைசிச் சுற்று முடிந்ததும் அவன் கோபப்படவில்லை. "அண்ணா, தூரத்தில் நான் உங்களை வென்றேன். பக்கத்தில் என்னை வென்றது நீங்கள் மட்டும்தானா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் அந்த இரண்டு வாரச் சோதனையே.

ஏபெக்ஸைப் பொறுத்தவரை கன்சோலில் இந்த உதவியின் வலு 0.6, கணினியில் 0.4 என்பது ஆட்டக்காரர்கள் வட்டத்தில் நெடுநாளாகப் பேசப்படும் கணக்கு. நான் கணினிக்கு மாறிய முதல் வாரம் கன்ட்ரோலரே பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். குறி அவ்வளவு கைவிட்டுப் போனது. பழக ஒரு மாதம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில், 22ஆவது சீசனில், கணினிக்காரர்கள் ஆடும் போட்டிகளில் அதை இன்னும் 25 விழுக்காடு குறைத்தார்கள். கன்ட்ரோலர்காரர்கள் பலர் கொதித்தார்கள். நான் வரவேற்றேன். அருகு மோதல்களில் முன்பைவிட அதிகமாகத் தோற்கிறேன் என்பது உண்மை. ஆனால் வென்ற மோதல்களை என்னுடையவை என்று மனதாரச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

மற்றவர்கள் வேறு வழிகளில் போயிருக்கிறார்கள். 2021இல் ஓவர்வாட்ச் ஆட்டம், கணினியிலும் கன்சோலிலும் ஆடுபவர்களைச் சேர்க்கும் கிராஸ்பிளேவைத் திறந்தபோது கணினிக்காரர்களோடு சேர்ந்து ஆடும் கன்சோல்காரர்களுக்கு எய்ம் அசிஸ்டை முற்றாக நிறுத்திவைத்தது. 2024இல் கன்சோலுக்கு வந்த வேலரண்ட், கணினிக்காரர்களையும் கன்சோல்காரர்களையும் ஒரே போட்டியில் சேர்ப்பதே இல்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பிடித்திருக்கிறது. ஆனால் கோடு எந்திரங்களுக்கு நடுவே விழுவதைவிடக் கையிலிருக்கும் கருவிகளுக்கு நடுவே விழவேண்டும் என்பது என் கருத்து. கணினியில் கன்ட்ரோலர் பிடித்திருக்கும் என்னைக் கன்சோல்காரர்களோடு சேர்த்தால் மகிழ்ச்சியாகப் போவேன்.

மனம் வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. மவுஸையும் கீபோர்டையும் கன்ட்ரோலர் என்று கன்சோலை நம்பவைக்கும் அடாப்டர்கள். மவுஸின் துல்லியமும் கன்ட்ரோலருக்கான உதவியும் ஒரே கையில் சேர்ந்தால் அதற்குப் பெயர் ஏமாற்று, வேறொன்றும் இல்லை. எங்கள் குழுவில் இரண்டு ஆண்டு கூடவே ஆடிய ஒருவர் அப்படி ஆடினார் என்று தெரிந்த அன்று நாங்கள் சேர்ந்து வென்ற வெற்றிகள் எல்லாமே கசந்தன. ரெயின்போ சிக்ஸ் சீஜ் 2023இல் இத்தகைய அடாப்டர்களைக் கண்டறிந்து, பயன்படுத்துபவரின் கட்டளைகள் தாமதமாகப் போய்ச் சேரும்படி செய்தது. கன்சோலில் அந்த ஆட்டத்தின் நேர்மோதல்களில் எய்ம் அசிஸ்டே கிடையாது. அங்கேயே அவ்வளவு அக்கறை காட்டினார்கள் என்றால் மற்ற ஆட்டங்களுக்கு அது எவ்வளவு தேவை!

புதிதாக வருபவர்களுக்கு அனுபவத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எய்ம் அசிஸ்டைக் குறைசொல்வதற்கு முன் டெட்சோனைப் பாருங்கள். ஸ்டிக்கின் நடுவில் அசைவை ஆட்டம் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி அது. பெரிதாக வைத்தால் நுண்ணிய திருத்தங்கள் செத்துப்போகும். மிகச் சிறிதாக வைத்தால், தேய்ந்த ஸ்டிக் தானாகவே நகரும். கையை எடுத்துவிட்டுக் குறி அசைகிறதா என்று பார்த்து, அசைவு நிற்கும் இடம்வரை மட்டும் கூட்டுங்கள்.

உதவியே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளைக் கொடுத்தது. தானாகக் குறி பிடிக்கும் வசதியும் அவற்றில் ஒன்று. விபத்துக்குப் பிறகு வலக்கை விரல்கள் சரியாக மடங்காத என் மாமா ஒருவர் அந்த ஆட்டத்தை முழுதாக ஆடி முடித்தார். தனியாக ஆடும் ஆட்டத்தில் எவ்வளவு உதவி இருந்தாலும் யாருக்கும் அநீதியில்லை.

இப்போது ஃபோர்ட்நைட் ஆட்டத்தில் ஜைரோ, அதாவது கன்ட்ரோலரின் சாய்வை வைத்துக் குறிபார்ப்பது, பழகுகிறேன். ஸ்டிக்கால் எதிரிக்கு அருகில் வரை போய், மிச்சமிருக்கும் அந்தச் சிறு இடைவெளியைக் கன்ட்ரோலரைச் சாய்த்து மணிக்கட்டால் கடப்பது. இங்கே இது பலருக்குப் புதிதல்ல; கைப்பேசியில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடும் பிள்ளைகள் ஜைரோவை எப்போதும் போட்டே வைத்திருக்கிறார்கள். அக்காள் மகனுக்குப் பதினாறு வயது. "மாமா, கையை இறுக்காதீர்கள், தளர விடுங்கள்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறான். மூன்று வாரமாகிறது. குறி இன்னும் நடுங்குகிறது, ஆனால் முன்புபோலத் தாண்டிப் போவதில்லை.