மேட்டுக்கு ஏறி இறங்கும் குடும்பத்துக்கு டாடா பஞ்ச்

வீடு தேனி மாவட்டம் கம்பத்தில், ஏலக்காய்த் தோட்டம் கேரளாவில் வண்டன்மேட்டுப் பக்கம். வாரம் தவறாமல் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். 2022இல் டாடா பஞ்ச், பெட்ரோல் மேனுவல் எடுத்தோம்.

எஸ்யூவி என்று பேர்தானே தவிர, இது ஜீப் இல்லை. முன்சக்கரத்துக்கு மட்டும்தான் இழுவை. மழையில் ஊறிய தோட்டத்துப் பாதையில் இதை இறக்க நான் துணிவதில்லை. தார் ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஜீப்பில்தான் உள்ளே போவேன். 187 மில்லிமீட்டர் தரை இடைவெளி குழி விழுந்த ரோட்டுக்கும் ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைக்கும் தாராளம். இதுவரை அடி தட்டியதில்லை.

வாங்கும்போது மச்சான் பார்த்தது எஞ்சினை, அம்மா பார்த்தது கதவை. அம்மா பார்த்ததுதான் சரி. அவருக்கு முழங்கால் வலி. பழைய காரில் குனிந்து உள்ளே போகவும் எழுந்து வரவும் ஒருவர் கை கொடுக்க வேண்டும். இதில் கதவு 90 டிகிரி விரிகிறது, சீட்டும் உயரம். திரும்பி நின்று உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்கிறார். யாரையும் கூப்பிடுவதில்லை.

எங்கள் வண்டியின் எஞ்சின் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர்; கூடுதல் இழுவை தரும் டர்போ கிடையாது. தேனி வரை சமவெளியில் சுகமாகப் போகும். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஏசி வேறு ஓடுகிறது என்றால் கொண்டை ஊசி வளைவில் மூன்றாம் கியரை நம்பக் கூடாது. வளைவுக்கு முன்னாலேயே இரண்டுக்கு வந்துவிட வேண்டும். சபரிமலை சீசனில் எதிரே பஸ் வந்து நின்று எடுக்க வேண்டியிருந்தால் முதல் கியர்தான். டர்போ இல்லாமல் இந்த அளவு எஞ்சின் உள்ள வண்டிகள் முழு பாரத்தில் பெரும்பாலும் இப்படித்தான் ஏறும். இறங்கும்போதும் அதே இரண்டாம் கியர். பிரேக்கிலேயே கால் வைத்து வருகிறவர்கள் அடிவாரத்தில் கருகல் வாடையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சமவெளியில் லிட்டருக்குப் பதினேழு, மலையில் பன்னிரண்டு பதின்மூன்று கிடைக்கிறது. டேங்க் 37 லிட்டர்; ஏறுவதற்கு முன் கம்பத்திலேயே நிரப்பிவிடுவோம். கேரளாவில் விலை கூடுதல், 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்கிற கூடுதல் வரி வேறு.

பின்சீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் என்றால் தோள் இடிக்கும். இரண்டு பேரும் ஒரு பிள்ளையும் சரி. எங்கள் வண்டியில் பின்னால் ஏசி துவாரம் இல்லை, சித்திரை வெயிலில் அது தெரியும். டிக்கி 366 லிட்டர். ஊருக்குப் போகிற பைகள் எல்லாம் அடங்கிவிடும்.

2021இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 4. வீட்டில் ஓட்டு விழுந்தது அதற்குத்தான். ஆனால் பின்சீட்டில் பெல்ட் போட வைக்க இன்றைக்கும் சண்டைதான்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒரு லாபம்: 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகிவிட்டது. முன்பு செஸ்ஸையும் சேர்த்து 29. மிச்சமாகிற பணத்தில் மேல் வேரியன்ட் பார்க்கலாம். ஆனால் ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாறும் வண்டி எடுப்பதாக இருந்தால், வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஏற்றி மேட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.