பாகத்தை மாற்றுவதற்கு முன் பழுதைத் தேடும் ஒரு பணிமனை

என்னுடைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில், பிரேக்கை மிதிக்கும்போதும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் "டடக்" என்று ஒற்றைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் கொண்டுபோன பணிமனையில் வண்டியின் நான்கு மூலைகளையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஷாக் அப்சார்பர்கள் போய்விட்டன என்று சொல்லி நான்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டியின் ஆட்டம் சற்று அடங்கியது. சத்தம் அப்படியே இருந்தது. பிறகு சஸ்பென்ஷன் வேலையை மட்டும் எடுத்துச் செய்யும் வேறொரு பணிமனைக்குப் போய், பரிசோதனைக்கென்றே தனிக் கட்டணம் செலுத்தினேன். இந்த மதிப்புரை அந்த இரண்டாவது இடத்தைப் பற்றியது.

வண்டியைத் தொடுவதற்கு முன் அங்கிருந்த மூத்த மெக்கானிக் கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார். சத்தம் சிறு பள்ளங்களில் தொடர்ந்து வருகிறதா, திருப்பத்தில் வருகிறதா, பாரம் ஏற்றினால் கூடுகிறதா குறைகிறதா என்று அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. சிறு குலுக்கலிலேயே "கடகட" என்று வந்தால் வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு மீதும், மெதுவாகப் போகும்போது "கிரீச்" என்று முனகினால் பின் ஸ்பிரிங்கில் அடுக்காக இருக்கும் லீஃப் பட்டைகள் அல்லது அந்த ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ் மீதும் முதல் சந்தேகம் விழும். வேகத்தை மாற்றும் கணத்தில் மட்டும் ஒரே ஒரு முறை இடித்தால், பெரிய பாகம் ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டு நகர்கிறது என்று பொருள். கையால் அழுத்திப் பார்த்ததைச் சொன்னபோது அவர் சிரித்தார். பாரம் சுமப்பதற்காகவே கடினமாக அமைக்கப்பட்ட பின் ஸ்பிரிங், வெறும் வண்டியில் ஆள் அழுத்தினால் எவ்வளவு இறங்கிவிடும்? முற்றிலும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

அடுத்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவரே வண்டியை ஓட்டினார். நேரான சாலையிலும் ஸ்டீயரிங் சற்று இடப்புறம் திரும்பியே நின்றதை, பல மாதங்களாக ஓட்டிய நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். திரும்பி வந்ததும் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை அளந்தார்கள். பின் இடது மூலை சற்றுத் தாழ்ந்திருந்தது. இங்கே அவர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்குக் கீழே அல்லாமல், சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்துக்கு நட்டநடுவில் ஜாக்கியைக் கொடுத்து வண்டியைத் தூக்கினார்கள். அப்படித் தூக்கும்போது பின் ஸ்பிரிங்குகளின் பங்கு விலகிவிடுவதால், சாய்வு அப்படியே நின்றால் குறை முன்பக்கத்தில், நேரானால் பின்பக்கத்தில். என் வண்டி நேரானது.

அதன்பின் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தபோது, இடப்பக்கம் 9 மி.மீ. கூடுதலாக இருந்தது. அதாவது பின் ஆக்சில் கோணலாக நின்றது; ஸ்டீயரிங் திரும்பி நின்றதும் அதனால்தான். பட்டைகளை ஒன்றாகக் கோர்த்து, தன் தலையால் ஆக்சிலின் இருக்கைத் துளையில் உட்கார்ந்திருக்கும் சென்டர் போல்ட் முறிந்திருந்தது; ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளும் தளர்ந்திருந்ததால், பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் ஆக்சில் ஸ்பிரிங்கின் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. அடிப்பட்டையில் பளபளவென்று தெரிந்த உரசல் தடத்தை எனக்குக் காட்டினார்கள். மேலிருந்து மூன்றாவது பட்டையும் விரிசல் விட்டிருந்தது. மூலை தாழ்ந்ததற்கு அதுவே காரணம்.

புகாரே சொல்லாத முன்பக்கத்தையும் அவர்கள் விடவில்லை. ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் அமைப்பு என்பதால், அந்த ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்தால்தான் ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டின் மீதுள்ள பாரம் விலகி, அதன் தேய்மானம் கைக்குத் தெரியும். வலது முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது ஆட்டம் இருந்தது. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க மீண்டும் அசைத்தார்கள், ஆட்டம் மறையவில்லை. மறைந்திருந்தால் வீல் பேரிங் என்று முடிவுசெய்திருப்பார்கள். நெம்புகோலை டயருக்கு அடியில் கொடுத்துத் தூக்கியபோது பால் ஜாயின்ட் ஆடியது கண்ணுக்கே தெரிந்தது.

பழுதுபார்த்த வேலையும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருந்தது. பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போடாமல் புதியவற்றை, குறித்த அளவு இறுக்கத்தில் முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச்சால் முடுக்கினார்கள். பால் ஜாயின்ட்டை மாற்றினார்கள். ஆனால் இளைய பணியாளர் ஒருவர், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஷேக்கிள் போல்ட்டுகளை முழுமையாக முடுக்கிவிட்டார். ரப்பர் புஷ்ஷை அந்த நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் அது முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழிந்துவிடும். நான் சுட்டிக்காட்டியதும் மூத்தவர் மறுபேச்சில்லாமல் அவற்றைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி மீண்டும் முடுக்க வைத்தார். இப்படிப்பட்ட இடத்தில் வாடிக்கையாளர் சொல்லித்தான் இது நடக்க வேண்டியிருந்தது என்பதை நான் குறையாகவே கருதுகிறேன்.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. அவ்வளவு கவனமாக எடுத்த அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கி வைத்துக்கொண்டார்களே தவிர, எனக்கு முறையான அறிக்கையாகத் தரவில்லை. கேட்ட பிறகு படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் வசதி அங்கே இல்லை என்பதால், பால் ஜாயின்ட் மாற்றிய பிறகு கட்டாயம் செய்ய வேண்டிய அந்த வேலைக்கு வேறு இடம் தேடிப் போக வேண்டியிருந்தது. பரிசோதனைக்கே அரை நாள் ஆனது என்பதையும், அன்றாடம் வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஸ்டீயரிங் நேராக நிற்கிறது, பின்பக்கத்தில் சத்தம் இல்லை. வெறும் வண்டி மேடுபள்ளத்தில் குதிப்பது மட்டும் நிற்கவில்லை. பாரத்துக்காகச் செய்த ஸ்பிரிங்கின் இயல்பு அது என்று தொடக்கத்திலேயே சொல்லி, அதற்காக எந்தப் பாகத்தையும் என் தலையில் கட்டவில்லை. யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்க 500 கி.மீ. ஓடியபின் வரச் சொல்லியிருந்தார்கள். போனேன், எட்டு நட்டுகளில் இரண்டு மட்டும் ஆளுக்குக் கால் சுற்று ஏறின. அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.