போதைப் பழக்கம் எப்போது நோயாகிறது: மூன்று அளவுகோல்கள்

'ரெண்டு ரவுண்டோடு சரி' என்று உட்காருகிற ஒருவர் ஒவ்வொரு முறையும் பாட்டில் தீர்ந்த பிறகுதான் எழுந்திருக்கிறார். நிறுத்திப் பார்த்தார், பலமுறை, முடியவில்லை. ஆனால் வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், வீட்டிலும் சண்டை கிடையாது. இவருக்கு நோய் உண்டா? எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துப் பதில் மாறும்.

1994-இல் வந்த, மனநோய்களைக் கண்டறிய உதவும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-4, தவறான பயன்பாட்டையும் சார்புநிலையையும் (போதையை விட முடியாத நிலை) தனித்தனி நோய்களாகப் பிரித்தது. முதலாவதற்கு 12 மாதத்துக்குள் 4 அறிகுறிகளில் ஒன்று போதும். இரண்டாவதற்கு 7-இல் மூன்று வேண்டும். நம்மவருக்கு இருப்பதோ சார்புநிலையின் இரண்டு அறிகுறிகள் மட்டும். ஆகவே எந்த நோயும் இல்லை! குடித்துவிட்டு அடிக்கடி வண்டி ஓட்டுபவருக்கோ அந்த ஒன்றை வைத்தே நோய்ப்பெயர் கிடைத்துவிடும். உதவி கேட்டு வரக்கூடியவரை வெறுங்கையோடு அனுப்பிய பிரிவினை இது.

2013-இல் டி.எஸ்.எம்.-5 இரண்டையும் ஒன்றாக்கியது. சட்டச் சிக்கல் என்ற அறிகுறியை நீக்கி, அடக்க முடியாத வேட்கையைச் சேர்த்தது. மொத்தம் 11. இரண்டு, மூன்று இருந்தால் லேசானது. நான்கு, ஐந்து என்றால் நடுத்தரம். ஆறும் அதற்கு மேலும் கடுமை. நம்மவர் இப்போது 'லேசான' படியில் வருகிறார். சட்டச் சிக்கலை எடுத்தது மிகச் சரி: போலீஸிடம் மாட்டுவது ஊருக்கு ஊர் மாறும், நோய் அப்படி மாறாது. இன்னொரு நல்ல விஷயம், மருத்துவர் சொன்னபடி வலி மருந்து எடுப்பவருக்கு, நிறுத்தும்போது உடல் தவித்தால் அதை அறிகுறியாக எண்ணக்கூடாது என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது பழையபடி இரண்டாகவே வைத்திருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும் விடப் போதை முந்துவது, உடல் பழகிப்போவது: இந்த மூன்றில் இரண்டு இருந்தால் சார்புநிலை. நம்மவரிடம் தெளிவாகத் தெரிவது முதலாவது மட்டும். கல்லீரல் கெட்டிருந்தால் 'தீங்கான பயன்பாடு' என்று வரும். குடிப்பவரால் பிறர் உடல்நலம் கெட்டாலும் அதில் சேரும். குடும்பம் படும் பாட்டையும் கணக்கில் எடுத்ததற்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

ஆரம்பத்திலேயே ஆளைப் பிடிக்க டி.எஸ்.எம்.-5-தான் மேல் என்பேன். ஆனால் அதில், குடியை நிறுத்தும்போது கைநடுக்கத்தோடு வரும் விலகல் அறிகுறிக்கும் ஒரு எண். குடியால் வீட்டில் ஓயாமல் நடக்கும் சண்டைக்கும் அதே ஒரு எண். அது சரியில்லை. பல வருடம் அளவுமீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு எத்தனை அறிகுறி என்று எண்ணுவதற்கு முன்னால், கடைசியாக எப்போது குடித்தார் என்று கேளுங்கள்.